பொய் சொன்ன இடத்திலேயே நின்றவர்

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு வரும் காலைப் பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதில்லை. அன்று நின்றது. கொண்டக்டர் இறங்கி வந்தார். முள்ளியவளையில் என்னிடமும் பூரணம் ரீச்சரிடமும் படித்தவர். இப்போது அவருக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். "ரீச்சர், எங்கடை மாட்டு ரீச்சர் மோசம் போயிட்டா. விடியப்புறம் நெஞ்சுக்குத்து. பரியாரியார் வரமுந்தியே முடிஞ்சுது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் வந்த பட்டப்பெயர் அவருக்கே உறைத்தது. "குறை நினையாதேங்கோ" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் குறை நினைக்கவில்லை. அந்தப் பெயரைப் பூரணம் ரீச்சர் தம் காதாலேயே பலமுறை கேட்டவர். ஒருமுறை வகுப்பின் பின்வரிசை வாங்கிலிருந்து அது வந்தபோது, "பேர் வந்த வழி சரிதான். இப்ப கணக்குக்கு வாருங்கோ" என்று கரும்பலகைக்குத் திரும்பியவர்.

அதே பஸ் திரும்பும்போது நானும் ஏறினேன். செத்த வீட்டில் மூன்று பேர் எழுந்து பேசினார்கள். மூவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "தம் வாழ்நாளில் ஓர் உயிரையும் நோகச் செய்யாதவர்." பெண்களோடு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பூரணம் ரீச்சருக்கு உயிர் இருந்திருந்தால் அந்த வசனத்தை முடிக்க விட்டிருக்கமாட்டார்.

அவருடைய தமையன் கனகசபை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுக் கல்வெட்டை என்னையே எழுதச் சொன்னார். அந்த வீட்டில் ஓர் அறையில் பல வருடம் குடியிருந்தவள் என்ற உரிமையில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே ஒரு பகுதியைக் கோடிழுத்துக்கொண்டு வந்தார். "இது வேண்டாம் ரீச்சர். செத்தவளைப் பற்றி நல்லதைத்தானே எழுதவேணும்."

"இதைவிட நல்லது அவவிட்டை வேறை என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். கல்வெட்டை வேறொருவர் எழுதினார். அதில் விடுபட்டுப்போனதை நான் இங்கே எழுதுகிறேன். பூரணம் ரீச்சரை அறிந்தவர்கள் படிக்கவேண்டும். தமையனாரும் படிக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் மென்மையானவர் அல்ல. கணக்குப் பிழைத்தால் வெண்கட்டி பறக்கும். குசினியில் புளியை எடுத்து வைத்தவர் யார் என்று விசாரணை நடக்கும். என் அறை யன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதில் எங்களுக்குள் நடந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. புருஷன் இளவயதில் போய்விட்டார். தாய் சீதனமாகக் கொடுத்த மாட்டுப்பட்டி மட்டும் இருந்தது. பட்டியைத் தமையன் பார்த்துக்கொண்டார். ஆனால் குறி பூரணம் ரீச்சருடையது. தாய்வழி வந்த குறி. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

வன்னியில் மாடு காட்டில் திரிந்து வளரும். வருடத்தில் ஒருமுறை பட்டியை ஒன்றாக மடக்கி, புதிய கன்றுகளுக்குக் காய்ச்சிய கம்பியால் குறி சுடுவார்கள். சுட்ட குறிதான் உறுதி. பட்டியோடு சேர்ந்து வருகிற குறியில்லாத கன்று பட்டிக்காரருடையது. அதை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் வளர்ந்த வடமராட்சியில் கதை வேறு. அங்கே மாடு வீட்டோடு கட்டையில் நிற்கும். ஒரு வீட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவற்றுக்குப் பெயர் இருக்கும், குறி இருக்காது.

பளையிலிருந்து குளத்தடிக் குடியேற்றத்துக்கு வந்த வேலாயுதமும் அப்படித்தான் வளர்த்தார். ஒரு வெள்ளை நாகுக் கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து, புதுக் காணியில் கட்டி வைத்திருந்தார். அதன் பெயர் வெள்ளைச்சி. ஒரு மாரியில் கயிறு அறுத்துக்கொண்டு போய்விட்டது. போனது பூரணம் ரீச்சரின் பட்டிக்குள். அதற்கு முந்திய வருடம் பட்டியிலிருந்த சிவலைப் பசு ஒன்று சினையாகக் காட்டுக்குள் போய்த் திரும்பவில்லை. சிவலையின் கன்றுதான் தானாக வந்து சேர்ந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். குறி சுட்டார்கள். இதுவரையில் யார்மீதும் குற்றமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கப்படி நடந்தார்கள்.

வேலாயுதம் பட்டிக்குத் தேடி வந்தார். பூரணம் ரீச்சரும் அன்று அங்கே நின்றார். குறியைப் பார்த்துத் திகைத்த வேலாயுதம், "இது என்ரை வெள்ளைச்சி" என்றார். தமையனின் ஆட்கள் சிரித்தார்கள். "குறியில்லாத மாட்டுக்குப் பேர் வைச்சால் காணுமோ? அப்ப நான் இந்தப் பட்டிக்கே பேர் வைக்கிறன்" என்றான் ஒருவன். வேலாயுதம் வேலிக்கு வெளியே நின்று, "வெள்ளைச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அடுத்த நாள் பொழுதுபடும் நேரம் வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போகையில் பிடிபட்டார். அவரைக் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஒரு மரத்தில் கட்டினார்கள். அன்று கூப்பன் அரிசி கொடுக்கிற நாள். ஊரே அங்கே நின்றது. ஊர் அதிகாரியான விதானையார் வந்து, "ரீச்சர், மாடு ஆற்றை?" என்று கேட்டார். "என்ரை" என்றார் பூரணம் ரீச்சர். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ரீச்சர் சொன்னால் சரிதான். வேலாயுதத்தை முல்லைத்தீவுப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் மறியலில் அடைபட்டுக் கிடந்தார். திரும்பி வந்தபோது அவருடைய வயலில், ஆளுக்கு ஆள் உதவிக்கொள்ளும் கைமாற்று வேலைக்கு ஒருவரும் வரவில்லை. அவருடைய பிள்ளையோடு ஒரே வாங்கில் இருக்க மற்றப் பிள்ளைகள் மறுத்தார்கள். காணியை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு துணுக்காய்ப் பக்கம் கூலிக்குப் போனார்.

அடுத்த கோடையில் சிவலைப் பசு திரும்பி வந்தது. பின்னால் அதன் சொந்தக் கன்று, நன்றாக வளர்ந்த சிவப்புக் கன்று, முட்டிக்கொண்டு வந்தது. கனகசபை சிரித்தாராம். "அப்ப மற்றது அந்தப் பளையான்ரைதான் போலை. சரி, விடு. ஆர் கண்டது?"

அன்று பின்னேரம் பூரணம் ரீச்சர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். துருவுவதை நிறுத்தாமல் சொன்னார்: "அண்டைக்கு அந்த மனிசன் வேலிக்கு வெளியிலை நிண்டு கூப்பிடேக்கை, அது தலையைத் தூக்கினது. நான் கண்டனான்."

நான் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்தவள். ஆறுதல் சொல்லத் தெரியாது; வாதம் தெரியும். "மாடு ஆர் கூப்பிட்டாலும் தலையைத் தூக்கும் அக்கா. அது ஒரு சாட்சியே?" என்றேன்.

அவர் துருவலை நிறுத்தினார். "நீர் படிச்சனீர். எனக்குச் சாட்டுத் தேடித் தராதையும்" என்றார்.

அந்த வார விடுமுறையில் துணுக்காய்க்குப் போனோம். மாங்குளத்தில் பஸ் மாறவேண்டும். நானும் கூடப் போனது துணைக்கு என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில், இந்தப் பயணம் எங்கே போய் முடியும் என்று பார்க்கவே போனேன். மன்னிப்பு என்ற சொல்லில் எனக்கு மரியாதை இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கிறது என்று கண்டிருக்கிறேன். இரண்டு வீட்டார் நன்மை தின்மைக்குப் போகாமல் வருடக்கணக்கில் இருப்பார்கள். பிறகு ஒரு கலியாணம் வரும். நாலு பெரியவர்கள் நடுவில் நின்று, பாதிக்கப்பட்டவனைப் பார்த்து, "நீதான் பெரிய மனசு பண்ணவேணும்" என்பார்கள். செய்தவன் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். பட்டவனே பொறுக்கவும் வேண்டும். இதற்குப் பெயர் சமாதானம்.

துணுக்காயில் நடந்தது வேறு. வேலாயுதம் வேலி அடைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டும் கை நிற்கவில்லை. அவர் மனைவி இராசம்மாதான் முற்றத்துக்கு வந்தார்.

"ஆர், ரீச்சரோ? வாங்கோ. உங்கடை பட்டியிலை இன்னும் என்ன காணாமல் போட்டுது?"

"காணாமல் போனது வந்திட்டுது. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்றார் பூரணம் ரீச்சர். "மாடு உங்கடை. அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"ஓம். தெரிஞ்சுதான்."

வேலாயுதம் குழி தோண்டிய அலவாங்கைக் கீழே போட்டார். அவர் பேசிய குரல் உயரவில்லை. "மாட்டைக் கொண்டந்து விடுங்கோ ரீச்சர். ஆனால் மன்னிப்பெண்டு கேளாதேங்கோ. அது என்னட்டை இல்லை."

"நான் அதைக் கேக்க வரேல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நான் என்ன செய்யவேணுமெண்டு கேக்க வந்தனான்."

அதற்கு இராசம்மாதான் பதில் சொன்னார். "சங்கக்கடை வாசல்லை நிண்டு சொன்னனீங்கள். ஊரெல்லாம் கேட்டது. இப்ப இஞ்சை எங்கடை முத்தத்திலை வந்து சொல்லுறியள். இது ஆருக்குக் கேக்கும்? இந்தக் கோழியளுக்கோ? அங்கை போய்ச் சொல்லுங்கோ. அதுகும் கூப்பன் அரிசி நாளிலை சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றார் பூரணம் ரீச்சர். நாங்கள் திரும்பினோம். யாரும் எங்களை இருக்கச் சொல்லவில்லை. நல்ல வெயில். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஒரு மிடறு தண்ணியும் தரேல்லை" என்று நான் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தந்திருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். ஆறினால் நான் சங்கக்கடைக்குப் போகமாட்டன். தராதது நல்லது."

தமையனுக்குக் கதை தெரிந்ததும் வீட்டில் பெரிய சத்தம். "பொம்பிளை சந்தியிலை நிண்டு பிரசங்கம் வைக்கிறதோ? எங்கடை குடும்பத்தின்ரை மானம் என்ன ஆகிறது? மாட்டைக் குடுப்பம். அதோடை இன்னும் ரண்டு கண்டுக்குட்டி சேத்துக் குடுப்பம். நீ வாயைத் திறவாதை."

"மாட்டைக் குடுத்தால் அந்த மனிசனுக்கு மாடு வரும் அண்ணை. பேர் வராது."

"எங்கடை குறி போட்ட மாட்டை அவன் றோட்டாலை கொண்டு போனால், திரும்பவும் கள்ளன் எண்டுதானே சொல்லுவினம்?"

"அதுக்குத்தான் நான் சொல்லப்போறன்."

கூப்பன் அரிசி நாள் வந்தது. வரிசை சங்கக்கடை வாசலைத் தாண்டி றோட்டுவரை நின்றது. பூரணம் ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சேலையோடுதான் வந்தார். படியில் ஏறி நின்று, வகுப்பை அமைதிப்படுத்துகிற அதே குரலில், "எல்லாரும் ஒருக்கால் நில்லுங்கோ" என்றார். நின்றார்கள்.

"வேலாயுதம் கள்ளனில்லை. அவர் அவிழ்த்தது அவற்றை மாடு. அது அவற்றை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டு, இந்த இடத்திலை நிண்டு, என்ரை எண்டு சொன்னனான். பொய் சொன்னது நான்."

கடை மனேச்சர் நல்ல மனிதர். உள்ளே இருந்து தலையை நீட்டி, "சரி ரீச்சர், தெரியாமல் நடந்த பிழைதானே. இறங்குங்கோ" என்றார்.

"தெரியாமல் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் சரியாக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுறன்." திருப்பிச் சொன்னார்.

வரிசையின் நடுவிலிருந்து ஒருவன், "அப்ப ரீச்சரையெல்லோ மரத்திலை கட்டவேணும்!" என்றான். பெரிய சிரிப்பு.

பூரணம் ரீச்சர் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "கட்டுறதெண்டால் கட்டுங்கோ. மரம் அந்தா நிக்குது. நான் ஓடமாட்டன்."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அரிசி நிறுக்கத் தொடங்கினார்கள். அவரும் இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்று தம்முடைய அரிசியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

பட்டப்பெயர் அன்றே பிறந்தது. இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூட முகாமையாளர் கூப்பிட்டு, அமைதியாக இடமாற்றம் கேட்டுக்கொண்டு போய்விடும்படி புத்தி சொன்னார். ரீச்சரின் நன்மைக்குத்தான் என்றும் சொன்னார். "பொய்யை இஞ்சைதான் சொன்னனான். இஞ்சைதான் இருப்பன். நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ" என்று இவர் திரும்பி வந்தார். நிறுத்தவில்லை. கணக்குப் படிப்பிக்க அவரைப்போல் வேறு ஆள் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கும்.

வெள்ளைச்சி அதற்குள் சினைப்பட்டிருந்தது. வயிற்றுக் கன்றோடு அதைத் துணுக்காய்க்கு அனுப்பினார். தம்முடைய குறியின்மேல் புதிதாக ஒரு குறியைச் சுட்டுக்கொள்ளும்படி வேலாயுதத்துக்குச் சொல்லியனுப்பினார். கைமாறிய மாட்டுக்கு அதுதான் வன்னி வழக்கம். வேலாயுதம் மறுத்துவிட்டார். "ஒருக்கால் பட்டது காணும் அதுக்கு" என்றாராம். அந்த வருடக் காலபோக விதைப்புக்கு அவர் தம் காணிக்குத் திரும்பி வந்தார். கைமாற்று வேலைக்கு ஆட்களும் போனார்கள். மாடு அவர் முற்றத்தில் பூரணம் ரீச்சரின் குறியோடு நின்றது. அது அவருடையது என்பதற்கு, சங்கக்கடைப் படியில் சொன்ன அந்த வார்த்தையைத் தவிர வேறு உறுதி இருக்கவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் எல்லோருக்கும் வசதி. ஆனால் இங்கே நிற்கவில்லை. வேலாயுதம் அவரை மன்னிக்கவில்லை. தெருவில் கண்டால் சைக்கிளை மற்றக் கரைக்குத் திருப்புவார். கோயிலில் எதிர்ப்பட்டால் வேறு வாசலால் போவார். ஊருக்கு இது பொறுக்கவில்லை. "ரீச்சர் இவ்வளவு இறங்கி வந்தும் அவனுக்கு என்ன திமிர்" என்று, முன்பு அவரை மரத்தில் கட்டியவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஒருகட்டத்தில் எரிச்சல் வந்தது. "இன்னும் அவருக்கு மனம் இரங்கேல்லையோ?" என்று பூரணம் ரீச்சரிடம் கேட்டேன்.

"அது அவற்றை பொருள். தாறதோ விடுறதோ அவற்றை விருப்பம். அதைப் பாத்துக்கொண்டு நான் வாசல்லை நிக்கேலாது. எனக்கு என்ரை வேலை இருக்குது" என்றார்.

அவருடைய வேலை என்ன என்பதைத் தண்ணீரூற்றில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். சாப்பாட்டுப் பந்தியில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில், "அந்த மாட்டுக்கள்ளன் வேலாயுதம் இருக்கிற குடியேற்றம்தானே?" என்று யாரையோ கேட்டார். பூரணம் ரீச்சர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, அவர் கள்ளனில்லை. அந்தப் பொய்யைச் சொன்னது நான். என்ரை பேர் பூரணம். இனி அந்தக் கதை வந்தால் என்ரை பேரைச் சொல்லிச் சொல்லும்." அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். சாகும்வரை இதைச் செய்தார். அலுக்கவில்லை, அழவுமில்லை. யன்னல் வழக்கில் காட்டிய அதே பிடிவாதம்தான்.

இனிச் செத்த வீட்டுக்கு வருகிறேன். பேச்சுகள் முடிந்து, பாடையைத் தூக்குகிற நேரம். வேலாயுதம் வந்திருந்தார். வேலியோரத்தில், வெயிலில் தனியாக நின்றார். கனகசபை அவரிடம் போனார். துக்கத்தில் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இப்பவாவது மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லன். அவளின்ரை ஆத்துமா சாந்தியாய்ப் போகட்டும்."

"சொல்லு வேலாயுதம், சொல்லு" என்று இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

வேலாயுதம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இத்தினை வரியமா அவா என்னை ஒரு நாளும் நெருக்கேல்லை. நீங்கள் ஒரு நாளிலை நெருக்கிறியள்" என்றார்.

அன்று அந்த முற்றத்தில் பேசப்பட்டவற்றுள் பூரணம் ரீச்சரை அறிந்து பேசிய பேச்சு அது ஒன்றுதான். எழுந்து நின்று பேசிய மூவருக்கும் அவரைத் தெரியாது. பாடை எழுந்தது. பெண்கள் வாசல் படலையோடு நிற்பது வழக்கம், நானும் நின்றேன். ஆண்களோடு வேலாயுதமும் போனார். தோள் கொடுக்கவில்லை. கடைசி ஆளாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுடலைவரை நடந்து போனாராம்.

அவர் மன்னித்தாரா என்று என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவரிடம் போய்க் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உங்களுக்கு உரிய காரியமல்ல. மன்னிப்புக் கிடைத்தால்தான் பரிகாரம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள், பட்டவன் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றுகிறார்கள். பூரணம் ரீச்சர் அதை ஏற்றவில்லை. செய்ததைத் திருத்தினார், பதிலை வேலாயுதத்திடமே விட்டார்.

கல்வெட்டில் இருப்பவர் குற்றமற்ற ஓர் அம்மையார். அவரை எனக்குப் பழக்கமில்லை. நான் அறிந்தவர் தெரிந்துகொண்டே பொய் சொன்ன ஒரு பெண். அந்தப் பொய்யைப் பட்டப்பகலில், சொன்ன இடத்திலேயே நின்று, தம் பெயரைச் சொல்லித் திருத்திய பெண். இரண்டையும் சேர்த்துத்தான் நான் வைத்திருக்கிறேன். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதைத் தரும்படி யார் கேட்டாலும், தரமாட்டேன்.